ஸ்கானில் தெரியாத காயம்: இலேசான மூளைக்காயத்தின் நீண்டகாலப் பாதிப்புகளோடு வாழ்வது எப்படி?

“ஸ்கானில் ஒன்றுமில்லை” என்ற வசனம் எங்கள் பக்கத்தில் இரண்டு விதமாகக் கேட்கப்படுகிறது. மண்டையோட்டுக்குள் இரத்தக்கசிவு இல்லை, எலும்பு வெடிக்கவில்லை, உயிருக்கு ஆபத்தில்லை என்பதைத்தான் வைத்தியர் சொல்கிறார். வீட்டில் உள்ளவர்கள் விளங்கிக்கொள்வது வேறு: இவருக்கு ஒன்றுமில்லை, பஞ்சிப்படுகிறார், இல்லாவிட்டால் நடிக்கிறார். இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில் வருடக்கணக்காக மாட்டுப்பட்டிருப்பவர்கள் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். தீராத தலையிடி, மறதி, திடீரென்று வரும் கோபம், சத்தத்தைத் தாங்க முடியாமை, நித்திரைக் குறைவு. இவற்றைத் தலையில் பட்ட ஒரு பழைய அடியோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று அவர்களில் பலருக்கு யாரும் சொன்னதில்லை.

நானும் அவர்களில் ஒருத்தி. 2009இல் மாத்தளனில் எங்கள் பங்கருக்குப் பக்கத்தில் செல் விழுந்தபோது எனக்கு 17 வயது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை; ஆனால் அதற்குப் பிந்திய சில நிமிடங்கள் இன்றுவரை என் நினைவில் இல்லை. பத்து வருடங்களின் பின்னர் ஒரு செய்தி சேகரிப்புக்காக மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த வாகனம் தட்டி விழுந்தேன். ஸ்கான் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள், வலிக்குளிசையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழிந்த பின்னரும் ஒரு பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. செவ்வி கண்டுவிட்டு பஸ்ஸில் ஏறும்போது, பேசியவர் சொன்னதில் பாதி என்னிடம் இல்லை. எழுதிப் பிழைக்கிறவளுக்கு அது தொழில் போவதற்குச் சமம்.

அப்போது இதைப்பற்றித் தமிழில் தேடினேன். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளங்கும்படி எழுதப்பட்டதாக என் கையில் அகப்பட்டது மிகக் குறைவு. பின்னர் வாசித்தும், வைத்தியர்களிடம் கேட்டும், என் உடம்பில் பரீட்சித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இது வைத்திய ஆலோசனைக்குப் பதிலாகாது. வைத்தியரிடம் எதைக் கேட்பது, வீட்டில் எதை மாற்றுவது என்று தெரிந்துகொள்ள உதவும்.

‘இலேசான’ என்றால் என்ன?

தலையில் அடிபட்டவரின் விழிப்பு நிலையைப் புள்ளிகளால் அளக்கும் முறை ஒன்று 1974ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் உருவாக்கப்பட்டது. கண் திறத்தல், பேசுதல், கை கால் அசைத்தல் ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை புள்ளி இடுவார்கள். 13 முதல் 15 வரை கிடைத்து, மயக்கம் 30 நிமிடத்துக்கு மேற்படாமலும், நிகழ்வை ஒட்டிய நினைவிழப்பு 24 மணித்தியாலத்தைத் தாண்டாமலும் இருந்தால் அது இலேசான மூளைக்காயம் எனப்படும். மயக்கம் வந்திருக்கவே வேண்டும் என்றில்லை. சில நிமிடங்கள் திகைத்துப்போய், எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறியிருந்தாலும் போதும்.

ஆக, ‘இலேசான’ என்ற சொல் முதல் சில மணித்தியாலங்களின் நிலையை மட்டுமே குறிக்கிறது. அதன் பின்னர் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அது சொல்லவில்லை.

இப்படியான காயம் எப்படியெல்லாம் வரலாம் என்பதை எங்கள் ஊர்களை வைத்தே பட்டியலிடலாம். செல் அல்லது குண்டு வெடித்த அமுக்க அலை, அந்த அலை தூக்கி எறிந்து தலை மோதியது, விசாரணையிலும் தடுப்பிலும் தலையில் விழுந்த அடிகள், வீதி விபத்து, பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தது, வீட்டுக்குள் கணவன் தலையைச் சுவரில் மோதியது. கடைசியாகச் சொன்னதைப் பெண்கள் பெரும்பாலும் வைத்தியரிடம் சொல்வதில்லை. திரும்பத் திரும்ப அடிபட்ட தலைக்கு ஆறுவதற்கு அதிக காலம் எடுக்கும் என்பதால், அதைச் சொல்வது முக்கியம்.

ஸ்கானில் ஏன் தெரிவதில்லை?

சி.ரி. ஸ்கான் இரத்தக்கசிவு, எலும்பு முறிவு, பெரிய வீக்கம் போன்றவற்றைக் காட்டுவதற்கானது. இலேசான காயத்தில் நடப்பது அதைவிட நுண்ணியது. தலை வேகமாக அசைந்து நிற்கும்போது மூளைக்குள் ஓடும் மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. கலங்களின் உள்ளும் வெளியும் இருக்கவேண்டிய உப்புகளின் சமநிலை குலைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழமையைவிட அதிக சக்தி வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் இரத்த ஓட்டம் அதற்கு ஈடு கொடுப்பதில்லை. மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடலின் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை எடுக்கிறது. அதன் வரவு செலவில் சிறு குழப்பம் வந்தாலும் களைப்பாகவும் மந்தமாகவும் தெரியும்.

பெரும்பாலானோருக்கு இது சில நாட்களிலோ சில வாரங்களிலோ சரியாகிவிடும். ஒரு பகுதியினருக்கு மூன்று மாதத்துக்கு மேலும் நீடிக்கும். முன்னரும் தலையில் அடிபட்டவர்கள், ஏற்கெனவே ஒற்றைத்தலையிடி உள்ளவர்கள், பதற்றம் அல்லது மனச்சோர்வு உள்ளவர்கள், தொடக்கத்திலேயே அறிகுறிகள் கடுமையாக இருந்தவர்கள் ஆகியோருக்கு நீடிக்கும் சாத்தியம் கூட.

இவற்றைத் தெரிந்துகொள்வதே சிகிச்சையின் ஒரு பகுதி. அவுஸ்திரேலியாவில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தலைக்காயம் பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு வாரத்துக்குள் விளக்கக் கையேடு ஒன்று கொடுக்கப்பட்டது. என்ன நடக்கும், எப்படிச் சமாளிக்கலாம் என்பது மட்டுமே அதில் இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கையேடு பெற்றவர்களுக்கு அறிகுறிகளும் குறைவு, மன அழுத்தமும் குறைவு. மெனிக் பாமில் அப்படி ஒரு தாள் என் கையில் கிடைக்கவில்லை. கடைசி மாதங்களில் செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்கு அனுப்பப்பட்டவர்கள் கண்ணுக்குத் தெரியும் காயத்தோடு இருந்தவர்கள். இரத்தம் வராத தலையைக் காயமாக நாங்களும் எண்ணவில்லை.

மூளையா, மனமா?

போரைக் கண்டவர்களுக்கு இந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது. நித்திரையின்மை, கோபம், மறதி, கவனமின்மை, சத்தத்துக்குத் திடுக்கிடுதல் ஆகியவை மூளைக்காயத்திலும் வரும், உளவடுவிலும் வரும். முதலாம் உலகப் போரின்போதே இந்தக் குழப்பம் இருந்தது. 1915இல் சார்ள்ஸ் மயர்ஸ் என்ற பிரித்தானிய உளவியலாளர் ‘ஷெல் ஷொக்’ என்ற பெயரை மருத்துவ இதழில் எழுதினார். செல் பக்கத்தில் விழாத வீரர்களுக்கும் அதே அறிகுறிகள் இருந்ததைக் கண்டு, அந்தப் பெயர் பொருத்தமில்லை என்று பின்னர் அவரே கருதினார்.

ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 அமெரிக்கப் படையினரிடம் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. தலைக்காயத்தில் மயங்கியவர்களில் சுமார் 44 சதவீதமானோருக்கு உளவடுவுக்குப் பிந்திய மனஅழுத்த நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. உடலில் வேறு காயம் பட்டவர்களில் அது 16 சதவீதம். காயமே படாதவர்களில் 9 சதவீதம். இன்னொன்றும் தெரியவந்தது. மனஅழுத்த நோயையும் மனச்சோர்வையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, தலைக்காயத்தால் வந்தவை என்று நினைத்த பல உடல் முறைப்பாடுகளுக்கும் தலைக்காயத்துக்கும் இடையிலான தொடர்பு பெரிதும் மங்கியது. தலையிடி மட்டும் மிஞ்சியது.

இதை இரண்டு விதமாகப் பிழையாக வாசிக்கலாம். ‘எல்லாம் மனப்பிரச்சினைதான், காயம் இல்லை’ என்பது ஒன்று. ‘என் மூளை பழுதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய இயலாது’ என்பது மற்றது. முதலாவது நோயாளியை அவமானப்படுத்துகிறது. இரண்டாவது அவரை முடக்குகிறது. இரண்டும் ஒரே தலைக்குள் ஒரே நாளில் நுழைந்தவை என்பதுதான் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. செல் வெடித்த அதே கணத்தில் மூளையும் குலுங்கியது, பக்கத்தில் இருந்தவர் இறந்ததையும் கண்கள் பார்த்தன. எது எவ்வளவு என்று பிரித்த பின்னர்தான் சிகிச்சை தொடங்க வேண்டும் என்றில்லை. தலையிடிக்குச் சிகிச்சை இருக்கிறது. தலைச்சுற்றுக்கு இருக்கிறது. நித்திரைக்கு இருக்கிறது. கெட்ட கனவுக்கும் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளுக்கும் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் குறைத்தால், மிஞ்சுவது முன்பைவிடச் சிறியதாக இருக்கும்.

சக்தியைக் கணக்குப் பார்த்துச் செலவழித்தல்

நீடிக்கும் அறிகுறிகளில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது களைப்பு. வயலில் வேலை செய்து வரும் களைப்பு அல்ல. அரை மணித்தியாலம் ஒரு கடிதத்தை வாசித்ததில் வரும் களைப்பு. இது வந்தவர்கள் எல்லோரும் விழும் பொறி ஒன்றுண்டு. நல்ல நாள் ஒன்று வந்தால், தேங்கிக் கிடந்த வேலை எல்லாவற்றையும் அன்றே செய்து முடிப்போம். அடுத்த இரண்டு நாளும் பாயை விட்டு எழும்ப முடியாது. பிறகு மீண்டும் ஒரு நல்ல நாள், மீண்டும் ஒரு விழுகை.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளைத் தெரிந்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். நல்ல தண்ணீர் மேலே மெல்லிய படையாக நிற்கிறது. விட்டு விட்டு இறைத்தால் ஊறிக்கொண்டே இருக்கும். மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். பிறகு கிணறு தேறக் கனகாலம் எடுக்கும். அடிபட்ட மூளையையும் அப்படித்தான் இறைக்க வேண்டும்.

நடைமுறையில் அதை இப்படிச் செய்யலாம். எத்தனை நிமிடம் வாசித்தால், தைத்தால், கணக்குப் பார்த்தால் தலை கனக்கத் தொடங்குகிறது என்று ஒரு வாரம் கொப்பியில் குறியுங்கள். அது 30 நிமிடம் என்றால், 20 நிமிடத்தில் நிறுத்துங்கள். தலையிடி வந்தபின் நிறுத்துவதல்ல, வருவதற்கு முன் நிறுத்துவதுதான் இதன் சூட்சுமம். பத்து நிமிடம் கண்ணை மூடி இருங்கள், அல்லது முற்றத்தில் நடவுங்கள். கைத்தொலைபேசி பார்ப்பது ஓய்வல்ல. ஒரு வாரம் இப்படிப் போனபின் ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

அதே நேரம், இருட்டறையில் மாதக்கணக்காகப் படுத்திருப்பது மருந்தாகாது. முன்னர் அப்படிச் சொன்னதுண்டு, இப்போது சொல்வதில்லை. விளையாட்டில் தலையில் அடிபட்டவர்களுக்காக 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள், முதல் ஒன்றிரண்டு நாள் மட்டும் வேலையைக் குறைத்துவிட்டு, பின்னர் நடை போன்ற இலேசான அசைவைத் தொடங்கும்படி பரிந்துரைத்தார்கள். அறிகுறி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. பத்துக்கு எத்தனை என்று நீங்களே போடும் புள்ளி இரண்டுக்கு மேல் கூடாமலும், ஒரு மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடுவதாகவும் இருந்தால் தொடரலாம் என்பது அவர்கள் தந்த அளவுகோல். காலைவெயில் ஏறமுன் 15, 20 நிமிட நடை எனக்கு உதவியது.

நித்திரை, தலையிடி, தலைச்சுற்று

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் நித்திரையிலிருந்து தொடங்குங்கள். நித்திரை குழம்பினால் மற்றவை எல்லாம் கூடும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழும்புங்கள். பகல் நித்திரை அரை மணித்தியாலத்துக்குள் முடியட்டும். பின்னேரத்துக்குப் பிறகு தேநீர் வேண்டாம். நித்திரைக் குளிசையைக் கடையில் வாங்கியோ அயலவரிடம் கடன் வாங்கியோ குடிக்க வேண்டாம். சில குளிசைகள் மறதியையும் தள்ளாட்டத்தையும் கூட்டும். கெட்ட கனவுகளால் எழும்புகிறீர்கள் என்றால் அதை வைத்தியரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

தலையிடிக்கு எங்கள் வீடுகளில் பனடோல் சோறு தண்ணீர் மாதிரி. ஆனால் பரசிற்றமோல் போன்ற சாதாரண வலிக்குளிசைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாக எடுத்தால், அந்தக் குளிசையே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். கலப்பு வலிக்குளிசைகளுக்கு எல்லை 10 நாள்தான். எடுத்த நாட்களைக் கலண்டரில் குறித்து, அந்தக் கலண்டரை வைத்தியரிடம் காட்டுங்கள். கழுத்துத் தசைப் பிடிப்பிலிருந்து வரும் தலையிடியும் பரவலானது. அதற்கு இயன்மருத்துவம் உதவும். வெளிச்சம் கூசுகிறது என்று வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பழகினால் கூச்சம் இன்னும் கூடும். வெளியில் மட்டும் போடுங்கள்.

படுக்கையில் திரும்பும்போதும், மேலே பார்க்கும்போதும் சில விநாடிகள் உலகமே சுற்றுகிறதா? உட்காதிலுள்ள நுண்ணிய துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலைக்காயத்துக்குப் பின் இது அடிக்கடி வருவது. பயிற்சி பெற்ற வைத்தியரோ இயன்மருத்துவரோ தலையை ஒரு ஒழுங்கில் திருப்பிச் செய்யும் சில நிமிடச் சிகிச்சையால் பலருக்கு இது தீரும். காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் கேளுங்கள். தலைச்சுற்று இருக்கும்வரை மரமேறுதல், கூரை வேய்தல், கிணற்றுக் கட்டில் நின்று இறைத்தல், தனியாகக் கடலுக்குப் போதல், வாகனம் ஓட்டுதல் ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். இன்னொரு முறை விழுவதுதான் பெரிய ஆபத்து.

மறதி: பெரும்பாலும் பதியாமல் போனதுதான்

அடுப்பில் புட்டு அவிய வைத்துவிட்டு மறந்தேன், கடைக்குப் போய் என்ன வாங்க வந்தேன் என்று தெரியாமல் நின்றேன் என்று சொல்பவர்கள் பலர். இதில் பெரும்பகுதி நினைவு அழிந்ததல்ல. கவனம் சிதறியதால் தொடக்கத்திலேயே மனதில் பதியாமல் போனது. பதிவதற்கு உதவி செய்தால் மறதி குறையும்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை. யாராவது முக்கியமானதைச் சொல்லும்போது வானொலியை நிறுத்துங்கள். கேட்டதை வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்: “அப்ப செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணி, கச்சேரி.” எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள், துண்டுக் கடதாசிகள் வேண்டாம். அடுப்பு பற்றவைக்கும்போதே தொலைபேசியில் எலார்ம் வையுங்கள். சாவி, மூக்குக்கண்ணாடி, அடையாள அட்டை, கிளினிக் கொப்பி நான்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஊடகக் கற்கையில் எனக்குப் பழக்கிய குறிப்பெடுக்கும் முறைதான் என் தொழிலைக் காப்பாற்றியது. செவ்வியை ஒலிப்பதிவு செய்தாலும், முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பத்து வரி எழுதிவிடுவேன். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கோபமும் வீடும்

வீடுகளை உடைப்பது தலையிடியல்ல, கோபம். முன்னர் அமைதியாக இருந்த மனிதர் ஒரு பாத்திரம் விழுந்த சத்தத்துக்குக் கத்துகிறார். பிள்ளைகள் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். ‘இயக்கத்தில இருந்த குணம்’ என்றோ ‘தடுப்புக்குப் போய் வந்தபிறகு மாறிட்டார்’ என்றோ அயல் சொல்கிறது. பெண் கோபப்பட்டால் அதைவிட மோசமான பெயர் கிடைக்கும்.

காயம்பட்ட மூளைக்குக் கோபத்தின் தடை பலவீனமாக இருக்கும். களைப்பு, பசி, சத்தம், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுவது ஆகியவை தடையை இன்னும் தளர்த்தும். ஆகவே வீட்டில் சேர்ந்து சில ஏற்பாடுகளைச் செய்யலாம். கடன், காணி, கலியாணம் போன்ற பாரமான பேச்சுகளைப் பின்னேரத்தில் எடுக்காமல், காலையில் ஓய்ந்திருக்கும்போது எடுங்கள். கோபம் ஏறுகிறது என்பதற்கு உடம்பு முன்பே அடையாளம் காட்டும்: காது சூடாகும், தாடை இறுகும். அப்போது சொல்வதற்கு ஒரு வசனத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். “நான் கொஞ்சம் வெளியில நிக்கிறன்” என்றால் போதும். போகிறவரைப் பின்தொடர்ந்து வாதாடக்கூடாது. போனவர் தணிந்ததும் திரும்பி வந்து பேச வேண்டும். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் இது வேலை செய்யும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காயம் கோபத்தை விளக்கும். கை நீட்டுவதை நியாயப்படுத்தாது. அடிக்கு உள்ளாகும் பெண்கள் 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்தை அழைக்கலாம். ‘அவருக்குத் தலைக்காயம், நான்தான் பொறுக்க வேண்டும்’ என்று இருப்பது இன்னொரு தலைக்காயத்தில் முடியலாம்.

மதுவைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அடிபட்ட மூளைக்கு முன்பு தாங்கிய அளவு இப்போது தாங்காது. கள்ளோ கசிப்போ நித்திரையைத் தருவதுபோலக் காட்டி, நடுச்சாமத்தில் அதைக் குழப்பும். விழுவதற்கும் அடிதடிக்கும் அதுவே வழி.

சத்தம், வேலை, படிப்பு

திருவிழா ஒலிபெருக்கி, வாணவேடிக்கை, தனியார் பஸ்ஸின் பாட்டு ஆகியவற்றுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்தால் காது இன்னும் கூசத் தொடங்கும். கோவிலுக்குப் போங்கள், சனம் குறைந்த காலைப் பூசைக்குப் போங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். வாணம் விடும் நேரத்தை முன்பே தெரிந்துகொண்டால் திடுக்கீடு பாதியாகும்.

வேலைக்குத் திரும்பும்போது அரை நாளில் தொடங்கிக் கூட்டிப்போக முடியுமா என்று கேளுங்கள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு இயந்திரச் சத்தமும் குழல்விளக்கும் சேர்ந்து தாக்கும். இடம் மாற்றித் தரும்படி வைத்தியக் கடிதத்தோடு கேட்கலாம். பாடசாலை மாணவருக்கு அடிபட்டிருந்தால் வகுப்பாசிரியருக்குச் சொல்லுங்கள். சிறப்புத் தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் வழங்கும் நடைமுறை பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கிறது. வைத்திய அறிக்கையோடு அதிபர் ஊடாக முன்கூட்டியே கேட்க வேண்டும்.

உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நேரம்

மேலே சொன்னவை எல்லாம் நாட்பட்ட பாதிப்புகளுக்கு. புதிதாகத் தலையில் அடிபட்டவருக்கு, அது இலேசாகத் தெரிந்தாலும், பின்வருவனவற்றில் ஒன்று இருந்தால் காத்திருக்கக்கூடாது:

- கூடிக்கொண்டே போகும் தலையிடி
- திரும்பத் திரும்ப வாந்தி
- வலிப்பு
- எழுப்ப முடியாத நித்திரை, ஆளை அடையாளம் தெரியாமை
- ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல்
- கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் இல்லாமை
- காதாலோ மூக்காலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம் வருதல்

1990ஐ அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வயதானவர்களுக்கும், இரத்தத்தை ஐதாக்கும் குளிசை எடுப்பவர்களுக்கும், அதிகம் மது அருந்துபவர்களுக்கும் சிறிய அடியின் பின்னும் சில வாரங்கள் கழித்து மெதுவான கசிவு வெளிப்படலாம். தாத்தா ஒரு மாதத்துக்கு முன் வழுக்கி விழுந்தார், இப்போது தடுமாறுகிறார் என்றால் வயது போனதென்று விடாதீர்கள்.

கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்கள்

அரச வைத்தியசாலைகளில் நரம்பியல், உளமருத்துவம், இயன்மருத்துவம் இலவசம். உளமருத்துவக் கிளினிக்குக்குப் போகச் சொன்னால், பைத்தியம் என்று தீர்த்துவிட்டார்கள் என்று அர்த்தமல்ல. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் போரின் நடுவிலும் யாழ்ப்பாணத்தில் இருந்து இந்தத் துறையைக் கட்டியெழுப்பியது எங்களைப் போன்றவர்களுக்காகத்தான். இரவில் தாங்க முடியாமல் போனால், உயிரை விடலாம் என்ற நினைப்பு வந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐ அழையுங்கள்.

கிளினிக்கில் சனம் கூட. உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ‘எல்லாம் வருத்தமாக் கிடக்கு’ என்று தொடங்கினால் அந்த நிமிடங்கள் போய்விடும். முதல் நாள் இரவே ஒரு தாளில் எழுதி, முடிந்தால் வீட்டார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கவனிக்காத மாற்றத்தை அவர் கவனித்திருப்பார். அந்தத் தாளில் இருக்கவேண்டியவை:

எந்தெந்த ஆண்டில், எப்படித் தலையில் அடிபட்டது. செல்லா, விபத்தா, அடியா. மயங்கினீர்களா, எவ்வளவு நேரம் நினைவில்லை. இப்போது உங்களை அதிகம் வருத்தும் மூன்று விடயங்கள். அவை எப்போது கூடுகின்றன. எத்தனை மணித்தியாலம் நித்திரை. எடுக்கும் குளிசைகள், மாதத்தில் எத்தனை நாள். மது. செய்ய முடியாமல் போன ஒரு வேலை.

கடைசி வரியில் ஒன்று. உடம்பில் இன்னும் எடுக்காத சன்னம் இருந்தால், எந்த இடத்தில் என்று எழுதுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினால் அந்த அறைக்குள் போகுமுன் அதை வாயாலும் சொல்லுங்கள். அந்த இயந்திரம் பலமான காந்தம். உலோகத் துண்டு அசையலாம், சூடேறலாம். போர் முடிந்து வந்த வெளியூர்ப் பிள்ளை ஒருவர் அங்கே கடமையில் இருக்கலாம். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது தெரிய வழியில்லை.